மீல் மேக்கர் பாக்கெட்டில் 52 கிராம், தட்டில் எவ்வளவு?

மீல் மேக்கர் என்ற சோயா உருண்டை பாக்கெட்டின் பின்பக்கத்தைத் திருப்பினால், 100 கிராமுக்குப் புரதம் 52 கிராம் என்று போட்டிருக்கும். பக்கத்திலேயே கோழிக்கறி, முட்டை, பருப்பு எல்லாவற்றையும் அடுக்கி, எல்லாவற்றையும் மீல் மேக்கர் தோற்கடிப்பது போல ஒரு பட்டியலும் சில பாக்கெட்டுகளில் இருக்கும். அந்த 52 பொய் இல்லை. ஆனால் அது காய்ந்த உருண்டையின் கணக்கு. வெந்நீரில் போட்டுப் பிழிந்தால் 100 கிராம் மீல் மேக்கர் 300 கிராமுக்குப் பக்கத்தில் வந்துவிடும். கூடியது அத்தனையும் தண்ணீர். ஆக, தட்டில் விழும் 100 கிராமில் இருப்பது 16, 17 கிராம் புரதம்தான். வெந்த கோழிக்கறியில் அதே 100 கிராமுக்கு 27 முதல் 30 கிராம் வரை இருக்கும். வெந்த கொண்டைக்கடலைச் சுண்டலில் 9 கிராம் அளவு. மீல் மேக்கர் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. அது நல்ல இடம்தான், முதலிடம் இல்லை.

அதனால் எப்போதும் காய்ந்த எடையில் அளந்து போடுங்கள். தலைக்கு 30 கிராம் என்று வைத்துக்கொண்டால் 15 கிராம் புரதம் நிச்சயம். சின்ன உருண்டையாக இருந்தால் அது அரை கப். வீட்டில் தராசு இருந்தால் ஒரு முறை நிறுத்துப் பார்த்துவிட்டால் கை பழகிவிடும். "ஆளுக்கு நாலு உருண்டை" என்று குருமாவில் மிதக்க விட்டால், பெரிய உருண்டையாகவே இருந்தாலும் 4, 5 கிராம் புரதத்தைத் தாண்டாது. அதை நம்பிப் பருப்பைக் குறைத்துக்கொள்ளும் வீடுகள் நிறைய. எனக்கு இதில்தான் பெரிய கவலை.

விலை என்று வந்தால் மீல் மேக்கரை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. 200 கிராம் பாக்கெட்டில் 104 கிராம் புரதம். கிட்டத்தட்ட 17 முட்டைக்குச் சமம். நாமக்கல்லில் முட்டை விலை எப்படி ஏறி இறங்கினாலும் 17 முட்டையின் விலைக்கு இந்த பாக்கெட் வராது. பனீரோடு ஒப்பிட்டால் வித்தியாசம் இன்னும் பெரிது: பனீரில் 100 கிராமுக்கு 18 முதல் 20 கிராம் புரதம், கூடவே 20 கிராமுக்கு மேல் கொழுப்பு.

மீல் மேக்கரில் கொழுப்பு 1 கிராம்கூட இருக்காது. காரணம் அது செய்யப்படும் விதம். முழு சோயா பீன்ஸில் புரதம் 36 கிராம் அளவு, எண்ணெய் 20 கிராம் அளவு. ஆலையில் முதலில் அந்த எண்ணெயை ஹெக்சேன் என்ற கரைப்பானால் பிரித்தெடுக்கிறார்கள். அதுதான் நாம் வாங்கும் சோயா எண்ணெய். பிறகு ஹெக்சேனை ஆவியாக்கி நீக்கிவிட்டு, மிஞ்சிய சக்கையை மாவாக்குகிறார்கள். அந்த மாவில் தண்ணீர் சேர்த்து, சூடும் அழுத்தமும் கொடுத்து ஒரு துளை வழியாகத் தள்ளும்போது, வெளியே வந்த கணத்தில் உள்ளிருக்கும் நீர் ஆவியாகி மாவு உப்பிக்கொள்ளும். இப்படி உண்டாகும் நார் நாரான அடுக்குதான் கறி போன்ற கடியைத் தருகிறது. பச்சை சோயாவில் புரதச் செரிமானத்தைத் தடுக்கும் டிரிப்சின் இன்ஹிபிட்டர் என்ற பொருள் இருக்கிறது. இந்தச் சூட்டில் அதன் பெரும்பகுதி செயலிழந்துவிடும். வறுக்காத பச்சை சோயா மாவைச் சத்துமாவுக் கஞ்சியில் கலந்து, அரைகுறையாகக் கொதிக்க வைத்துக் குடிப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். மீல் மேக்கருக்கு அந்தச் சிக்கல் இல்லை. பச்சை மாவுக்கு உண்டு.

மரபணு மாற்றிய சோயாவா என்று கேட்பவர்களுக்கு: இந்தியாவில் மரபணு மாற்றிய சோயாவைப் பயிரிட அனுமதி இல்லை. நம் ஊரில் கிடைக்கும் மீல் மேக்கர் பெரும்பாலும் மத்தியப் பிரதேசம், மகாராஷ்டிரம், ராஜஸ்தான் பக்கத்து சோயா.

புரதத்தின் தரத்துக்கு வருவோம். தாவரப் புரதங்களில் சோயா உயர்ந்த வரிசை. உடம்பால் தானே செய்துகொள்ள முடியாத அமினோ அமிலங்கள் ஒன்பதும் அதில் இருக்கின்றன. மெத்தியோனின் மட்டும் கொஞ்சம் குறைவு. அரிசியில் மெத்தியோனின் தாராளம், லைசின் குறைவு. சோயாவில் லைசின் தாராளம். அதனால் சோறும் மீல் மேக்கரும் ஒன்றின் குறையை மற்றொன்று சரிக்கட்டும். ஒரே கவளத்தில் சேர வேண்டும் என்றில்லை. ஒரே நாளில் சேர்ந்தால் போதும்.

சென்னையில் சைவம் சாப்பிடும் ஒருவரின் சாதாரண நாளைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். காலையில் மூன்று இட்லியும் சட்னியும் 7 கிராம். மதியம் இரண்டு கப் சோறு 8, சாம்பார் 4, பொரியல் 2, மோர் 2. இரண்டு காபியில் இருக்கும் பால் 4. ராத்திரி இரண்டு தோசையும் சட்னியும் 7. மொத்தம் 34 கிராம், தோராயமாக. 2020-ல் ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) வெளியிட்ட பரிந்துரைப்படி உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் வேண்டும். 55 கிலோ பெண்ணுக்கு 46, 65 கிலோ ஆணுக்கு 54. பெண்ணுக்கு 12 கிராம் துண்டு விழுகிறது, ஆணுக்கு 20. 30 கிராம் மீல் மேக்கர் அந்தப் பெண்ணின் பள்ளத்தை முழுதாக நிரப்பிவிடும். ஆணுக்கு ஒரு கிண்ணம் சுண்டலையும் சேர்த்தால் சரியாகிவிடும். சோயாவின் உண்மையான இடம் இதுதான். சாம்பாரையும் சுண்டலையும் தயிரையும் எடுத்துவிட்டு அங்கே மீல் மேக்கரை வைப்பதில் எந்த லாபமும் இல்லை. இருப்பதோடு சேர்த்து, வாரத்தில் மூன்று நாலு நாள் போடுங்கள்.

கறியை அடியோடு விட்டுவிட்டு மீல் மேக்கருக்கு வருபவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். கறியிலிருந்து வந்தவற்றில் புரதத்தை மட்டும்தான் இது ஈடுகட்டும். வைட்டமின் பி12 சோயாவில் இல்லை, வெளியிலிருந்து சேர்த்திருந்தால் ஒழிய. புரட்டாசி ஒரு மாதம் மட்டும் என்றால் கவலை இல்லை. ஈரலில் சேமிப்பு இருக்கும். வருடக்கணக்கில் என்றால் பால், தயிர் தினமும் வேண்டும்; பாலும் வேண்டாம் என்றால் பி12 மாத்திரை கட்டாயம். இரும்புச்சத்து லேபிளில் நிறைய இருக்கும். ஆனால் சோயாவில் உள்ள ஃபைட்டேட் என்ற பொருள் அதைப் பிடித்து வைத்துக்கொள்வதால் உடம்பில் சேருவது சிறு பங்குதான். துத்தநாகத்துக்கும் இதே கதை. சாப்பிடும்போது எலுமிச்சைச் சாறு பிழிந்துகொண்டால், அல்லது தக்காளி, குடைமிளகாய் சேர்த்தால் இரும்பு கூடுதலாகச் சேரும். சாப்பிட்ட கையோடு டீ, காபி குடித்தால் குறையும். ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள். ரத்தசோகை உள்ள பெண்கள் மீல் மேக்கரை நம்பி இரும்பு மாத்திரையை நிறுத்தக் கூடாது.

ஆண்களுக்கு மார்பு வளரும், ஆண்மை குறையும் என்ற பயம் ஜிம் வட்டாரத்தில் ஓயாமல் சுற்றிக்கொண்டே இருக்கிறது. சோயாவில் ஐசோஃபிளேவோன் என்ற பொருள் இருப்பது உண்மை. அது பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜனின் அமைப்பை ஓரளவு ஒத்திருப்பதும் உண்மை. ஆனால் ஆண்களிடம் நடந்த பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில் டெஸ்டோஸ்டிரோன் அளவு மாறவில்லை. அடிக்கடி மேற்கோள் காட்டப்படும் ஒரு நோயாளி, தினமும் ஏறக்குறைய 3 லிட்டர் சோயா பால் குடித்தவர், நிறுத்தியதும் சரியாகிவிட்டது. 30 கிராம் மீல் மேக்கரை அந்த அளவோடு ஒப்பிடவே முடியாது.

உண்மையில் கவனமாக இருக்க வேண்டியவர்கள் வேறு. தைராய்டுக்கு மாத்திரை எடுப்பவர்கள் முதலில். அந்த மாத்திரையில் இருக்கும் லெவோதைராக்சின் குடலில் உறிஞ்சப்படுவதை சோயா குறைக்கும். காலையில் வெறும் வயிற்றில் மாத்திரை, 4 மணி நேரத்துக்குப் பிறகு சோயா என்று இடைவெளி விட்டால் போதும். மதியச் சாப்பாட்டில் வைத்துக்கொண்டால் தானாகவே சரியாகிவிடும். மாத்திரை போட்ட அரை மணியில் சோயா பால் குடிப்பதுதான் தவறு. அடுத்தது சிறுநீரகக் கல். கால்சியம் ஆக்சலேட் கல் வந்தவர்களுக்கு மீல் மேக்கர் ஏற்றதல்ல, ஆக்சலேட் அதிகம். சிறுநீரகம் பழுதுபட்டு பொட்டாசியம், பாஸ்பரஸ் கட்டுப்பாட்டில் இருப்பவர்கள் மருத்துவரையோ டயட்டீஷியனையோ கேட்காமல் தொடவே கூடாது. சோயா ஒவ்வாமை உள்ளவர்களுக்குச் சொல்லவே வேண்டாம்.

சர்க்கரை நோயாளிகளுக்கு இது நல்ல உணவு. 30 கிராமில் மாவுச்சத்து 10 கிராம் அளவு, அதிலும் நார்ச்சத்து 4 கிராம் போய்விடும். இதயத்துக்கு நல்லது என்ற விளம்பரத்தை மட்டும் அளவோடு நம்புங்கள். அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 1999-ல் சோயா புரதத்துக்கு அந்த உரிமைகோரலை அனுமதித்தது. 2017-ல், சான்றுகள் ஒருமித்து இல்லை என்று சொல்லித் திரும்பப் பெற முன்மொழிந்தது. ரத்தத்தில் கெட்ட கொலஸ்ட்ரால் 3, 4 சதவீதம் குறையலாம். மட்டனுக்குப் பதிலாகச் சாப்பிடும்போது பலன் அதைவிடப் பெரிது, மட்டனின் கொழுப்பு உள்ளே போகாததால்.

இனி அடுப்புக்கு வருவோம். மீல் மேக்கர் பிடிக்காது என்பவர்களில் பாதிப்பேருக்குப் பிடிக்காதது சரியாகப் பிழியாத மீல் மேக்கர்.

100 கிராமுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், ஒரு டீஸ்பூன் உப்பு, தட்டிய இஞ்சி ஒரு துண்டு. தளதளவென்று கொதித்ததும் உருண்டையைப் போட்டு 2 நிமிடம் கொதிக்க விட்டு அடுப்பை அணைத்து மூடி வையுங்கள். சின்னது என்றால் 10 நிமிடம், பெரியது என்றால் 15. ஒரு உருண்டையை நடுவில் கிள்ளிப் பாருங்கள்; உள்ளே வெளிர்நிறத்தில் கெட்டியாக ஒரு புள்ளி தெரிந்தால் இன்னும் ஊற வேண்டும். வடித்து, பச்சைத் தண்ணீரில் இரண்டு முறை அலசி, கைப்பிடி கைப்பிடியாக அழுத்திப் பிழியுங்கள். முதல் பிழியலில் வரும் தண்ணீர் கலங்கலாக, லேசாக நுரைத்து வரும். பச்சை வாடையும், வாயு உண்டாக்கும் ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் என்ற சர்க்கரைகளும் அதில் ஓரளவு வெளியேறும். அந்தத் தண்ணீரைக் குழம்பில் ஊற்றாதீர்கள். "சத்து போகுதே" என்று தோன்றும்; போகிற சத்து சொற்பம், போகிற வாடை நிறைய. பச்சைத் தண்ணீரில் மணிக்கணக்கில் ஊற வைத்தால் மேல்பகுதி கொழகொழ, உள்பகுதி ரப்பர் என்று ஆகிவிடும். குக்கரில் நாலு விசில் விட்டாலும் நாரெல்லாம் பிரிந்து பஞ்சாகிவிடும்.

பிழிந்த பிறகுதான் அது மசாலாவைக் குடிக்கும். தண்ணீர் நிறைந்த உருண்டைக்குள் மசாலா நுழைய இடம் இல்லை. 100 கிராமுக்கு 3 டேபிள்ஸ்பூன் கெட்டித் தயிர், ஒரு டேபிள்ஸ்பூன் இஞ்சி பூண்டு விழுது, ஒரு டீஸ்பூன் மிளகாய்த்தூள், ஒரு டீஸ்பூன் மல்லித்தூள், கால் டீஸ்பூன் மஞ்சள்தூள், உப்பு. அரை மணி நேரம் ஊறட்டும். தயிரின் புளிப்பு மிச்சமிருக்கும் வாடையையும் அடக்கிவிடும். பிறகு 2 டேபிள்ஸ்பூன் எண்ணெயில் ஓரம் சிவக்கும்வரை 5, 6 நிமிடம் வதக்கி, குருமாவோ சால்னாவோ கொதித்து முடியும் தறுவாயில், கடைசி 8 நிமிடத்துக்குப் போடுங்கள். குருமாவைக் கொஞ்சம் தண்ணியாகவே இறக்குங்கள். ஆற ஆற மீல் மேக்கர் குடித்துக்கொண்டே இருக்கும், ராத்திரிக்குள் கெட்டியாகிவிடும்.

பிரியாணியில் நடக்கும் கெடுதல் வேறு மாதிரி. ஒரு கப் சீரகச் சம்பாவுக்கு ஒன்றரை கப் தண்ணீர் அளந்து ஊற்றி, காய்ந்த மீல் மேக்கரை அப்படியே போட்டால், 50 கிராம் மீல் மேக்கர் 100 மில்லி தண்ணீரைக் குடித்துவிடும். அரிசிக்கு அது குறைந்து, சோறு விதை விதையாக நிற்கும், அடி பிடிக்கும். மீண்டும் தண்ணீர் ஊற்றினால் மேலே குழைந்துவிடும். ஊற வைத்துப் பிழிந்து, மேலே சொன்னபடி வதக்கிய பிறகே போட வேண்டும்.

உருண்டையைவிட எனக்குப் பிடித்தது குருணை. ஊற 5 நிமிடம் போதும், துணியில் கட்டி முறுக்கிப் பிழிந்தால் வறண்டு வந்துவிடும். அதில் கோலா உருண்டை அபாரமாக வரும். 100 கிராம் குருணைக்கு 50 கிராம் பொட்டுக்கடலை மாவு, 3 டேபிள்ஸ்பூன் தேங்காய்த் துருவல், பத்து சின்ன வெங்காயம், 3 பச்சை மிளகாய், 5 பல் பூண்டு, ஒரு டீஸ்பூன் சோம்பு, சிறு துண்டு பட்டை. வெங்காயத்தை வதக்கி ஆற வைத்துத்தான் அரைக்க வேண்டும். பச்சையாக அரைத்தால் நீர் விட்டு, எண்ணெயில் போட்டதும் உருண்டை உதிர்ந்துவிடும். தண்ணீர் தெளிக்காமல், மிக்ஸியை விட்டு விட்டு ஓட்டுங்கள். ஒரு உருண்டையை மட்டும் முதலில் பொரித்துப் பாருங்கள். பிரிந்தால் இன்னும் ஒரு டேபிள்ஸ்பூன் பொட்டுக்கடலை மாவு. எண்ணெய் காயாமல் போட்டால் உருண்டை எண்ணெயைக் குடிக்கும். புகையும் சூட்டில் போட்டால் மேலே கருகி உள்ளே பச்சையாக நிற்கும். குழந்தைகளுக்கு என்றால் இதே குருணையை அடை மாவில், ஆளுக்கு இரண்டு டேபிள்ஸ்பூன் ஊற வைத்துப் பிழிந்து கலந்துவிடுங்கள். அடையின் பெருங்காயமும் மிளகாயும் சோயா வாடையை மறைத்துவிடும். சோயா மாவைச் சப்பாத்தியில் சேர்ப்பவர்கள் பத்தில் ஒரு பங்கோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதற்கு மேல் போனால் சப்பாத்தி ஓரம் வெடிக்கும், வாடையும் வரும்.

கையேந்தி பவனில் கிடைக்கும் சில்லி மீல் மேக்கரைப் புரதக் கணக்கில் சேர்க்காதீர்கள். மைதா, சோள மாவுப் பூச்சு, செயற்கை நிறம், பலமுறை காய்ந்த எண்ணெய். பஞ்சு போன்ற உடம்பு என்பதால் கோழியைவிட அதிகமாக எண்ணெய் உறிஞ்சும். ஆசைக்குச் சாப்பிடலாம், அவ்வளவுதான். சௌகார்பேட்டை பக்கம் கிடைக்கும் சோயா சாப்பும் பெயருக்குத்தான் சோயா. குச்சியில் சுற்றிக்கொள்ளும் பதம் வருவதற்கு மைதா நிறையச் சேர்க்கிறார்கள். கோதுமை ஆகாதவர்களுக்கு அது விஷயமே தெரியாமல் உள்ளே போகும்.

சூப்பர் மார்க்கெட் ஃப்ரீசரில் வரும் சைவ நக்கெட், சைவ கீமா போன்றவற்றுக்கு ஒரு சுலபமான சோதனை உண்டு. லேபிளில் 100 கலோரிக்கு எத்தனை கிராம் புரதம் என்று பாருங்கள். 10 கிராமோ அதற்கு மேலோ இருந்தால் புரத உணவு. 5, 6 என்றால் அது பொரித்த நொறுக்குத்தீனி. சோடியத்தையும் பாருங்கள், 100 கிராமுக்கு 500 மில்லிகிராமைத் தாண்டினால் தினசரிக்கு வேண்டாம். உப்பில்லாமல் வரும் சாதா மீல் மேக்கருக்கு இந்த இரண்டு தொல்லையும் இல்லை. 'அதிகம் பதப்படுத்திய உணவு' என்று இரண்டையும் ஒரே கூடையில் போடுவது நியாயமில்லை.

டோஃபு சோயா பனீர் என்ற பெயரிலும் விற்கிறது. நீர் அதிகம் என்பதால் புரதம் 100 கிராமுக்கு 8 முதல் 15 வரை கம்பெனிக்குக் கம்பெனி மாறும். வாயுத் தொல்லை மட்டும் மீல் மேக்கரைவிடக் குறைவு, வாயு உண்டாக்கும் அந்தச் சர்க்கரைகள் வடிநீரோடு போய்விடுவதால். மீல் மேக்கர் ஒத்துக்கொள்ளாத வயிறுக்கு இது நல்ல மாற்று.

ஜிம் போகிறவர்கள் தினமும் 100 கிராம் காய்ந்த மீல் மேக்கரை அவித்துத் தின்கிறார்கள். 52 கிராம் புரதத்தோடு 13 கிராம் நார்ச்சத்தும் ஒரே நாளில் போகிறது. உப்புசம், வாயு என்று அவதிப்படுவது இதனால்தான். என் கணக்கில் 50 கிராம்தான் ஒரு நாளுக்கான உச்சவரம்பு, அதையும் இரண்டு வேளையாகப் பிரித்து. தசை வளர்ச்சியைத் தூண்டும் லியூசின் என்ற அமினோ அமிலம், பாலிலிருந்து எடுக்கும் வே புரதத்தைவிட சோயாவில் குறைவு. அதனால் ஒரு வேளைக்கான புரதத்தைக் கொஞ்சம் கூட்டி வைக்க வேண்டும். முட்டை, தயிர், பருப்போடு சேர்த்து நாளின் மொத்தப் புரதம் போதுமான அளவு வந்துவிட்டால், பயிற்சியில் கிடைக்கும் பலனில் பெரிய வித்தியாசம் தெரிவதில்லை.

வாங்கும்போது நிறத்தைப் பாருங்கள். வெளிர் பழுப்பு நல்லது. ஆழ்ந்த பழுப்பு என்றால் சூடு அதிகமாகி லைசின் சேதமாகியிருக்கலாம், அல்லது நிறத்துக்காகக் காரமெல் சேர்த்திருக்கலாம்; பாக்கெட்டின் சேர்மானப் பட்டியலில் சோயா மாவைத் தவிர வேறு எதுவும் இல்லாததை எடுங்கள். கொத்தவால்சாவடியில் மூட்டையிலிருந்து சில்லறையாக வாங்கினால் ஒன்றை விரலால் உடைத்துப் பாருங்கள். மொறுமொறுவென்று உடைய வேண்டும். வளைந்தால் ஈரம் ஏறிவிட்டது. பெயின்ட் போல வாடை அடித்தால் வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் சென்னைக் காற்றில் திறந்த பாக்கெட் ஒரு வாரத்தில் நமுத்துவிடும், வண்டும் வரும். பிரித்ததும் காற்றுப் புகாத டப்பாவுக்கு மாற்றுங்கள். ஊற வைத்துப் பிழிந்ததை வெளியில் வைத்தால் நம் வெயிலுக்குச் சில மணி நேரத்தில் கொழகொழப்பு தட்டிவிடும். ஃப்ரிட்ஜில் 2 நாள் தாங்கும். ஃப்ரீசரில் ஒரு வேளை அளவாகப் பிரித்து வைத்தால் ஒரு மாதம் தாங்கும். அதை உருக வைக்காமல் அப்படியே சூடான வாணலியில் போடலாம்.